சிஸ்டர்மாருக்குப் பிறகு மடத்தை யார் பார்ப்பது?

பிரான்சில் பிள்ளையைக் கத்தோலிக்கப் பாடசாலையில் சேர்க்கப் போய்வரும் எம்மவர் பலர் வீடு திரும்பியதும் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு. "பெயருக்குத்தான் சிஸ்டர்மாரின் பள்ளிக்கூடம். உள்ளே ஒரு சிஸ்டரையும் காணவில்லை."

யாழ்ப்பாணம் திருக்குடும்பக் கன்னியர் மடத்திலோ இளவாலைக் கன்னியர் மடத்திலோ படித்த தாய்மாருக்கு இது பெரிய ஏமாற்றம்தான். அங்கே அதிபர் என்றால் அருட்சகோதரி ஒருவரின் முகமே கண்முன் வரும். இங்கே அதிபராக இருப்பவர் கணவன், பிள்ளைகள், வீட்டுக்கடன் எல்லாம் உள்ள ஒரு சாதாரண பெண்மணி. வாசலில் புனிதரின் சிலை நிற்கிறது. சுவரில் ஸ்தாபகரின் படம் தொங்குகிறது. ஆனால் அவரது சபையைச் சேர்ந்தவர் எவரும் அங்கில்லை.

இது திடீரென்று நடந்ததல்ல. 1904ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசு துறவற சபைகள் கல்வி புகட்டுவதைச் சட்டத்தால் தடைசெய்தது. சிலர் நாடுவிட்டுப் போனார்கள். சிலர் அங்கியைக் கழற்றிவிட்டுச் சாதாரண உடையில் அதே வகுப்பறையில் தொடர்ந்து படிப்பித்தார்கள். பின்னர் 1959 டிசம்பர் 31ஆம் திகதி வந்த டெப்ரே சட்டம், அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட தனியார் பாடசாலைகளின் ஆசிரியர்களுக்கு அரசே சம்பளம் கொடுக்க வழிசெய்தது. அதற்குப் பதிலாக அப்பாடசாலைகள் எந்தச் சமயத்துப் பிள்ளையையும் ஏற்கவேண்டும். எமது சைவப் பிள்ளைகள் அங்கே தடையின்றிப் படிப்பதும் இதனால்தான். சகோதரிகள் முதுமையடைந்து குறையக் குறைய, அதிபர் நாற்காலியில் பொதுநிலையினர் அமர்ந்தனர். சபைக்கு இப்போது மிஞ்சியிருப்பது பெரும்பாலும் 'தூத்தேல்' என்று இங்கே சொல்லப்படும் மேற்பார்வைப் பொறுப்பு மாத்திரமே. அதையும் பல இடங்களில் பொதுநிலையினரோடு சேர்ந்தே செய்கிறார்கள்.

உலகம் முழுவதும் இதே கதைதான். 1970ஆம் ஆண்டளவில் உலகில் சுமார் 10 இலட்சம் கத்தோலிக்க அருட்சகோதரிகள் இருந்தனர். 2022இல் அத்தொகை சுமார் 6 இலட்சம். ஐரோப்பாவில் மடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்படுகின்றன. இந்நிலையில் "சிஸ்டர்மாருக்குப் பிறகு யார்?" என்ற கேள்வி அவர்களுடைய கேள்வி மட்டுமல்ல. வந்த புதிதில் மொழி படிக்க ஒரு மேசையும், குளிருக்கு ஒரு கோட்டும், விண்ணப்பப் பத்திரம் நிரப்ப ஒரு கையும் எம்மில் எத்தனையோ பேருக்கு இப்படியான மடங்களில்தான் கிடைத்தன. அந்த வீடு விற்கப்பட்டால் நட்டம் எமக்குந்தான்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஊரில் எங்களுக்குத் திருச்சபை என்றால் மூன்று வகை: சுவாமிமார், சிஸ்டர்மார், சனங்கள். சனங்கள்தான் 'பொதுநிலையினர்'. குருத்துவப் பட்டம் பெறாத, துறவற வார்த்தைப்பாடு கொடுக்காத விசுவாசிகள். பிரெஞ்சில் இவர்களை 'லாயிக்' என்பார்கள். அரசு பாடசாலைகளில் மதச் சின்னங்களைத் தடுக்கும் கொள்கையைப் பற்றிப் பேசும்போதும் காதில் விழுவது இதே 'லாயிக்'தான். புதிதாக வந்தவர்கள் குழம்பிப்போவது இயல்பு. பங்கில் 'லாயிக்' என்றால் மதமற்றவர் என்று பொருளல்ல. குரு அல்லாதவர் என்றே பொருள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. சிஸ்டர்மாரை நாம் பாதிச் சுவாமியாராகவே எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் துறவறம் என்பது குருத்துவத்துக்கும் பொதுநிலைக்கும் நடுவே உள்ள ஓர் இடைப்படி அல்ல, இரு பக்கத்திலிருந்தும் சிலர் அதற்கு அழைக்கப்படுகிறார்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் தெளிவாக எழுதிவைத்தது. சகோதரி ஒருவர் குருப்பட்டம் பெற்றவரல்ல. அந்த வகையில் அவர் எங்கள் பக்கத்து ஆள். கொட்டாஞ்சேனை புனித பெனடிக்ற் கல்லூரியை நடத்திய தெ லா சால் சகோதரர்களும் அப்படியே. 1680ஆம் ஆண்டளவில் பிரான்சின் ரான்ஸ் நகரில் அச்சபையைத் தொடங்கியவர் ஒரு குரு. எனினும் தம் சகோதரர்களில் எவரும் குருவாகக் கூடாது என்று வைத்தார். பலிபீடத்துக்குப் போகிறவர் வகுப்பறையை விட்டுவிடுவார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது போலும். இன்று அச்சகோதரர்கள் உலகில் சில ஆயிரம் பேரே. அவர்களது பாடசாலைகளில் உழைக்கும் பொதுநிலை ஆசிரியர்களோ பல்லாயிரம்.

சுவாமியார் இல்லாமல் சபை நிற்குமா என்று கேட்பவர்களுக்கு எங்கள் ஊர் வரலாறே பதில் சொல்லும். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியதும் கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு மறைவிடம் கொடுப்பவர்களுக்குக் கடும் தண்டனை என்று அறிவிக்கப்பட்டது. கோவாவிலிருந்து யோசேவ் வாஸ் அடிகள் கூலியாள் வேடத்தில் வந்து சேர்ந்தது 1687இல். இடைப்பட்ட ஏறக்குறைய 29 ஆண்டுகள் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுத்தவர்களும், சாகக்கிடந்தவர்களின் பக்கத்தில் இருந்தவர்களும் சாதாரண சனங்கள்தான். அந்தக் காலத்திலே, 1670இல், மாந்தையிலிருந்து 20 குடும்பங்கள் மாதாவின் திருவுருவத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் இடம்பெயர்ந்ததாக மடுத் திருத்தல வரலாறு கூறுகிறது. மடுக் கோயிலின் தொடக்கம் அதுவே. வாஸ் அடிகள் வந்தபின்னும் தனியாளாக எல்லா ஊருக்கும் போகமுடியாதபடியால், ஊர்தோறும் மூப்பர்களையும் அண்ணாவிமாரையும் பொறுப்பாக வைத்துவிட்டுத்தான் அடுத்த ஊருக்கு நடந்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, அவர் நியமித்த அந்த மூப்பர்களைப் பற்றி எங்கள் வானொலிகளில் அதிகம் பேசக் கேட்கவில்லை. பேசியிருக்கலாம்.

ஆனால் மூப்பர் முறை துறவற சபை அல்ல. அது பங்கு நிர்வாகம். ஒரு சபையின் ஆவியில், அதன் குடும்பத்தில், கலியாணமானவர்களும் சேரமுடியுமா என்பதே எம் கேள்வி. இதற்கும் பழைய பதில் உண்டு.

அசிசி நகரப் புனித பிரான்சிஸிடம் குடும்பஸ்தர்கள் வந்து "நாங்களும் உம்மைப்போல் வாழ வழிசொல்லும்" என்று கேட்டார்கள். அவர்களுக்கென்று 1221இல் ஒரு வாழ்க்கை ஒழுங்கு எழுதப்பட்டது. அதுவே பின்னாளில் 'மூன்றாம் சபை' ஆயிற்று. அந்த ஒழுங்கில் இருந்த ஒரு விதி எம்மைப் போன்றவர்களை ஒருகணம் நிறுத்தி வைக்கும்: அதில் சேர்ந்தவர்கள் எவருக்கு எதிராகவும் கொலைக்கருவி ஏந்தக்கூடாது. வீணாகச் சத்தியப்பிரமாணமும் செய்யக்கூடாது. அக்காலத்து இத்தாலிய நகரப் பிரபுக்களுக்குச் சண்டைக்கு ஆள்சேர்க்கச் சத்தியமும் ஆயுதமும் இரண்டுமே தேவைப்பட்டன. தையற்காரரும் செருப்புத் தைப்பவரும் மளிகைக்காரரும் "எங்களால் முடியாது, நாங்கள் சபைக்காரர்" என்று நின்றால் பிரபுவுக்கு எப்படி இருந்திருக்கும்? சண்டைக்கு ஆளெடுக்க வீட்டுக்கு வீடு வருவது எப்படியென்று எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அந்த மூன்றாம் சபை இன்றும் இருக்கிறது. 1978இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் அதற்குப் புதிய ஒழுங்கு ஒன்றை அங்கீகரித்தார். அதில் சேர விரும்புகிறவருக்கு அறிமுகக் காலம் ஒன்றும், அதன்பின் குறைந்தது ஒரு வருடப் பயிற்சியும் உண்டு. பிறகு வாழ்நாள் முழுவதற்குமான வாக்குறுதி. வேலையை விடவேண்டியதில்லை, கலியாணத்தை முறிக்கவேண்டியதில்லை. முக்கியமான விடயம் என்னவென்றால் இவர்களது தலைவரை இவர்களே வாக்களித்துத் தெரிகிறார்கள். தலைவர் பொதுநிலையினர்தான். குருவானவர் பக்கத்தில் ஆன்மீகத் துணையாக இருப்பார். நாற்காலி அவருடையதல்ல.

எல்லா இடத்திலும் இப்படி நல்லபடியாக நடக்கவில்லை. பெல்ஜியத்தில் இருக்கும் வாசகர்கள் புரூஜ், கென்ற், கோர்ட்ரெய்க் நகரங்களில் மதில் சூழ்ந்த சிறு வெள்ளை வீட்டுத் தொகுதிகளைப் பார்த்திருப்பார்கள். 'பெகீன்' என்ற பெண்கள் 13ஆம் நூற்றாண்டு முதல் வாழ்ந்த இடங்கள் அவை. நிரந்தர வார்த்தைப்பாடு இல்லை. தம் கைத்தொழிலில், பெரும்பாலும் கம்பளியிலும் துணியிலும், தாமே உழைத்துச் சாப்பிட்டார்கள். நோயாளரைப் பார்த்தார்கள். விரும்பினால் வெளியேறிக் கலியாணமும் செய்யலாம். ஆணுக்கும் கட்டுப்படாமல், மடத்துக்கும் கட்டுப்படாமல் பெண்கள் கூடி வாழ்வதைப் பார்த்துப் பலருக்கும் சந்தேகம் வந்தது. அவர்களோடு சேர்த்து எண்ணப்பட்ட மார்கரீத் பொரேத் என்பவர் 1310இல் பாரிஸில் எரிக்கப்பட்டார். அடுத்துக் கூடிய வியன் சங்கம் அவர்களது வாழ்க்கை முறையையே கண்டித்தது. அப்படியும் கீழ்நாடுகளில் அவர்கள் தாக்குப்பிடித்தார்கள். கடைசிப் பெகீன் சகோதரி கோர்ட்ரெய்க்கில் இறந்தது 2013இல்! வீடுகள் இப்போது உலக மரபுரிமைச் சின்னங்கள். உல்லாசப் பயணிகள் படமெடுக்கிறார்கள்.

இனி எங்களுக்கு மிக நெருக்கமான கதைக்கு வருவோம். 1862ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேறி வந்து எங்கள் பூட்டிமாருக்கு எழுத்தும் தையலும் படிப்பித்த திருக்குடும்பக் கன்னியர், பிரான்சின் போர்தோ நகரிலிருந்து வந்தவர்கள். அச்சபையை 1820இல் அங்கே தொடங்கியவர் பியேர் பியாந்வெனு நோவாய் என்ற இளம் குரு. பிரெஞ்சுப் புரட்சியில் கோயில்கள் சிதைந்து, சனங்கள் நம்பிக்கை இழந்திருந்த காலம். அவர் நினைத்தது ஒரு கன்னியர் மடத்தை மட்டுமல்ல. ஒரு குடும்பத்தை. அதில் கன்னியர் இருப்பார்கள், அடைபட்ட மடத்தில் செபிப்பவர்கள் இருப்பார்கள், குருமார் இருப்பார்கள், வீட்டிலிருந்தபடியே வாழும் பொதுநிலை ஆண்களும் பெண்களும் இருப்பார்கள். நாசரேத்தூர்க் குடும்பம் தச்சு வேலை செய்த ஒரு வீடுதானே, மடமல்லவே என்ற எண்ணம் அதற்குப் பின்னால் இருந்தது எனலாம்.

யாழ்ப்பாணத்தில் நாம் பார்த்தது அந்தக் குடும்பத்தின் ஒரு கிளையை மட்டுமே. வெள்ளை உடை, மணி, பிரம்பு, கண்டிப்பு. அந்த மதிலுக்கு உள்ளே எங்களுக்கும் ஓர் இடம் தொடக்கத்திலேயே வரையப்பட்டிருந்தது என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? 1965இல் வத்திக்கான் சங்கம் ஒவ்வொரு துறவற சபையும் தன் ஸ்தாபகரின் முதல் நோக்கத்துக்குத் திரும்பவேண்டும் என்று கேட்டது. பழைய பெட்டிகளைத் திறந்து காகிதங்களைப் படித்த பல சபைகள் தங்கள் தொடக்கத்தில் பொதுநிலையினர் நின்றதைக் கண்டன. 1996இல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் துறவற வாழ்வு பற்றி வெளியிட்ட மடலில், ஒரு சபையின் தனிவரத்தைப் பொதுநிலையினரும் பகிர்ந்துகொள்வது நம்பிக்கை தரும் புதிய அத்தியாயம் என்ற கருத்தை எழுதினார். சபையின் உள்வாழ்வு குலையாதபடி பார்த்துக்கொள்ளவும் சொன்னார். இன்று போர்தோ திருக்குடும்பத்தில் கன்னியரோடு 'இணை உறுப்பினர்' என்ற பெயரில் பொதுநிலையினரும் இருக்கிறார்கள். வேறு பல சபைகளிலும் இப்படி உண்டு.

இங்கேதான் சிக்கலும் தொடங்குகிறது. இணை உறுப்பினருக்கு என்ன உரிமை? மாதமொரு கூட்டம், வருடமொரு தியானம், ஒரு வாக்குறுதி. நல்லது. ஆனால் சபையின் பொதுச் சங்கத்தில் தலைவியைத் தெரிவுசெய்ய அவருக்கு வாக்கில்லை. அழைத்தால் போய் உட்கார்ந்து கருத்துச் சொல்லலாம். வீட்டை விற்பதா, ஒரு பணியை மூடுவதா என்பது போன்ற தீர்மானங்கள் வேறிடத்தில் எடுக்கப்படும். பத்து வருடம் அகதிகளுக்கு மொழி வகுப்பு நடத்திய பொதுநிலைப் பெண்மணி, அந்த மண்டபம் விலைபோவதை அறிவித்தல் பலகையில் பார்த்து அறிவது என்றால் அது என்ன குடும்பம்? வேலை எங்கள் கைக்கு வந்துவிட்டது. வாக்கு இன்னும் வரவில்லை. பொதுநிலையினரை 'ஆள் இல்லாத குறைக்கு ஆள்' என்று மட்டும் எடுத்தால், சபை இன்னும் இருபது வருடம் இழுபடும். பிறகு அதுவும் முடிந்துவிடும். என் கருத்து இது.

சட்டத்தில் ஒரு நியாயமும் இருக்கிறது என்பதை மறைக்கக்கூடாது. வாழ்நாள் முழுவதையும் ஏழ்மையோடு கொடுத்துவிட்ட எண்பது வயதுச் சகோதரியின் முதியோர் செலவு அந்தச் சொத்தில்தான் தங்கியிருக்கிறது. மாலையில் தன் வீட்டுக்குப் போகிறவருக்கும் அவருக்கும் ஒரே வாக்கு என்பது எளிதான கணக்கல்ல.

இருந்தாலும் கதவுகள் அசைகின்றன. 2018இல் வத்திக்கானின் தொடர்பாடல் துறைக்குப் பவுலோ ருப்பீனி என்ற பொதுநிலைப் பத்திரிகையாளர் தலைவராக்கப்பட்டார். 2022 மார்ச்சில் வந்த புதிய ஒழுங்கு, வத்திக்கான் துறைகளுக்கு எந்த விசுவாசியும் தலைமை தாங்கலாம் என்றது. அதே ஆண்டு மே 18ஆம் திகதி, குருமாரும் குருவல்லாத சகோதரர்களும் சேர்ந்து வாழும் சபைகளில், அனுமதியோடு சகோதரர் ஒருவர் தலைவராக வர வழி திறந்தது. அதுவரை அவர் சமையலறையையும் தோட்டத்தையும் ஆளலாம், குருமாரை ஆளமுடியாது. 2023 ஒக்டோபரில் உரோமையில் கூடிய ஆயர் மன்றத்தில் முதன்முறையாகப் பொதுநிலையினரும், பெண்களும், வாக்களித்தார்கள். 2025 ஜனவரி 6ஆம் திகதி சிமோனா பிரம்பில்லா என்ற அருட்சகோதரி, உலகத் துறவற சபைகள் அனைத்துக்கும் பொறுப்பான துறையின் தலைவியாக நியமிக்கப்பட்டார். அந்தப் பதவி அதற்குமுன் ஒரு பெண்ணுக்குக் கொடுக்கப்பட்டதில்லை.

பொதுநிலையினர் தாமே தொடங்கிய குழுக்களும் இருக்கின்றன. 1943இல், போர் நடுவே, இத்தாலியின் திரெந்தோ நகரில் கியாரா லூபிக் என்ற இளம் ஆசிரியை தொடங்கியது போக்கொலாரே இயக்கம். குண்டுவீச்சில் வீடு சேதமாகிக் குடும்பம் ஊரைவிட்டுப் போக, அவர் மட்டும் தோழிகளோடு நகரிலேயே நின்றார். குருமாரும் உள்ள அந்த இயக்கத்துக்கு எப்போதும் பெண்ணே தலைவி என்பது அதன் யாப்பிலேயே இருக்கிறது. உரோமையில் 1968இல் ஒரு பாடசாலை மாணவர் தொடங்கிய சாந்த் எஜிடியோ சமூகமோ, 1992 ஒக்டோபர் 4ஆம் திகதி மொசாம்பிக் போருக்குச் சமாதான ஒப்பந்தம் எழுதக் களமாயிற்று. 2016 முதல் இவர்களும் புரட்டஸ்தாந்து சபையினரும் சேர்ந்து லெபனானிலிருந்து சிரிய அகதிக் குடும்பங்களை விமானத்தில், விசாவோடு, இத்தாலிக்கு அழைத்து வந்தார்கள். 2017இல் பிரான்சிலும் அதற்கு உடன்படிக்கை ஆயிற்று. முகவருக்குக் காசு கட்டி, காட்டாலும் கடலாலும் வந்தவர்களுக்கு இதன் பெறுமதி தெரியும்.

அதற்காகப் பொதுநிலைத் தலைவர் என்றால் எல்லாம் சுத்தம் என்று எண்ணிவிடவும் கூடாது. மனவளர்ச்சி குன்றியவர்களோடு சேர்ந்து வாழும் 'லார்ஷ்' இல்லங்களை 1964இல் பிரான்சில் தொடங்கிய ஜான் வானியே ஒரு பொதுநிலையினர். உயிரோடிருந்தபோதே பலர் அவரைப் புனிதர் என்றார்கள். 2019இல் அவர் இறந்தபின், ஆன்மீக வழிகாட்டல் என்ற பெயரில் பெண்களைத் துஷ்பிரயோகம் செய்தவர் என்பதை 2020இல் அந்த அமைப்பே விசாரித்து வெளியிட்டது. மறைக்காமல் சொன்னது அவ்வமைப்பின் நேர்மை. அங்கே இன்னமும் உண்மையான அன்போடு உழைப்பவர்கள் பலர். ஆனாலும் ஒருவரையே கேள்வி கேளாமல் தலையில் வைக்கும் பழக்கம், அங்கி போட்டவரிடமும் ஆபத்து, போடாதவரிடமும் ஆபத்து. 2021இல் வத்திக்கான் இப்படியான சர்வதேச இயக்கங்களின் தலைவர்கள் தொடர்ந்து 10 ஆண்டுகளுக்கு மேல் பதவியில் இருக்கக்கூடாது என்று விதித்தது.

இதில் எங்கள் குடும்பங்களுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வதிவிட அனுமதி கையில் வந்து, இரவு வேலை, பகல் மொழி வகுப்பு என்று ஓடும் ஒருவரிடம் சபையில் சேரச் சொல்வது பகிடியாகவும் தெரியலாம். ஆனால் பாருங்கள், இங்கே வெறுமையாகும் பல மடங்களில் இல்லாதது எங்களிடம் இருக்கிறது. பிள்ளைகள் இருக்கிறார்கள். மாலையில் குடும்பமாக முழந்தாளில் இருந்து செபமாலை சொல்லும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. சுவாமியார் இல்லாமலே ஒரு கிழமை ஓட்டத் தெரியும். இவ்வளவும் இருந்தும், பங்கில் எங்கள் பங்கு ஒளிவிழாவுக்கு வடையும் ரோல்ஸும் செய்து கொடுப்பதோடு முடிந்துவிடுகிறது. அவர்களும் "மிக நன்று" என்று சாப்பிடுகிறார்கள், நாங்களும் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு வருகிறோம். கூட்டத்தில் எவரும் எங்களைப் பேச அழைப்பதில்லை. அழைத்தாலும் மொழிக்கு வெட்கப்பட்டு நாங்கள் போவதில்லை. குற்றம் இரு பக்கமும் இருக்கிறது.

உங்கள் ஊரில் ஒரு மடம் இன்னும் திறந்திருந்தால், ஞாயிறு பூசைக்குப்பின் அங்குள்ள சகோதரியிடம் "உங்கள் சபையில் பொதுநிலை உறுப்பினர் இருக்கிறார்களா?" என்று கேட்டுப் பாருங்கள். அனேகமாக "ஆம்" என்பார். கூட்டம் மாதமொரு தடவைதான் இருக்கும். பெரும்பாலும் கணவனும் மனைவியும் சேர்ந்து போகலாம். ஒருவர் தனியாகவும் போகலாம். சைவக் கணவர் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சேரும் முன் நீங்களும் சில கேள்விகள் கேட்கவேண்டும்: பயிற்சி எத்தனை மாதம்? வாக்குறுதி ஒரு வருடத்துக்கா, வாழ்நாளுக்கா? பொறுப்பாளரை யார் தெரிகிறார்கள், எத்தனை வருடத்துக்கு? விலக விரும்பினால் வழி என்ன? பணம் சேர்த்தால் கணக்கு யார் பார்ப்பது? சபைத் தீர்மானங்கள் எங்களுக்கு எப்போது தெரியவரும், எடுத்தபின்னா எடுக்கும் முன்னா?

கடைசிக் கேள்விக்குச் சகோதரி கொஞ்சம் யோசிப்பார். அவருக்கே அது பல வருடமாக உள்ள கேள்வியாக இருக்கக்கூடும்.